பலாமரத்தடியில் நின்றவன்

கண்ணு,

நீ போட்ட கடிதம் ஒரு வாரம் அடிவாரத்திலேயே கிடந்து, சோளக்காட்டுச் சந்தைக்கு ஏறி வந்த மிளகு வியாபாரி மடியில் இருந்து முந்தாநாள்தான் என் கைக்கு வந்தது. படித்து முடிக்க இரண்டு பகல் ஆயிற்று. உன் கையெழுத்து கோழி கிளறியது போலத்தான் இருக்கிறது, ஆனாலும் குற்றம் அதன் மேல் இல்லை. எனக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. வலது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. இடது கண்ணுக்குத் தாளை மூக்கு வரை கொண்டுவந்தால் எழுத்துக் கூட்டலாம். இந்தக் கடிதத்தில் வரிகள் ஏறி இறங்கினால் சிரிக்காதே. உன் அம்மா போன பிறகு ராசிபுரத்துப் போட்டோக் கடையைப் பூட்டிவிட்டு இந்த மலையில் வந்து ஏன் உட்கார்ந்திருக்கிறேன் என்று இரண்டு முறை கேட்டாய். காற்று நல்லது என்று பதில் எழுதினேன். அது பொய். இந்தக் கடிதத்தில் பொய் எழுதுவதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ கேட்டது ஒரே கேள்வி. சண்டை முடிந்து பட்டாளத்துச் சாமான்களெல்லாம் பட்டணத்துக் கடைகளுக்கு வந்திருக்கின்றன, அதில் இரண்டு நீள லென்சுகள் உன் கண்ணில் பட்டிருக்கின்றன, ஒன்று பதினேழு அங்குலம், இன்னொன்று இருபத்தைந்து அங்குலம். பத்திரிகையில் வேலைக்குச் சேரப் போகிறாய். பந்தாட்டம், குதிரைப் பந்தயம், காட்டுக்குப் போனால் யானை, காட்டெருமை என்று எல்லாவற்றையும் எடுத்து வரச் சொல்வார்கள், எதை வாங்கட்டும் அப்பா என்கிறாய். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் ஒரு கார்டில் பதில் எழுதிப் போட்டிருப்பேன். கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறாயே, நம் கடை வாசலில் மாட்டியிருந்த எருதாட்டப் படம் போல வாழ்நாளில் ஒன்றாவது எடுத்துவிட வேண்டும் என்று. அந்தப் படம் போல ஒன்று உன் வாழ்நாளில் வேண்டாம் சாமி.

முதலில் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு கேட்காததைச் சொல்கிறேன். நீளம் கூடினால் தூரத்தில் இருப்பது கிட்டே வரும் என்று கடைக்காரன் சொல்வான். அவன் சொல்லாததும் கூடவே வரும். உன் கை நடுக்கம் அதே அளவு பெரிதாகி வரும். நடுவிலிருக்கும் காற்று வரும். இந்த மலையில் பனி கலையாத காலையிலும் பாறை கொதிக்கும் பகலிலும் நீள லென்சை வைத்தால், மிருகத்தைவிடக் காற்றைத்தான் அதிகம் பிடிப்பாய், உருவமெல்லாம் தண்ணீருக்குள் கிடப்பது போல நெளியும். நீளமான லென்சுக்கு வாய் சிறிதானால் வெளிச்சம் போதாது, வாய் பெரிதானால் தூக்க ஆள் போதாது. இருபத்தைந்து அங்குலத்தை முக்காலியில் ஏற்றி ஓடும் குதிரைப் பக்கம் திருப்பி முடிப்பதற்குள் குதிரை லாயத்தில் கொள்ளு தின்றுகொண்டிருக்கும். அது விமானத்திலிருந்து பாலத்தையும் ரயிலையும் பார்க்கச் செய்த சாமான், தரையில் நிற்கிறவனுக்கு ஆகாது. பதினேழையே வாங்கு. வாங்குமுன் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, சாய்த்துச் சாய்த்து உள்ளே பார். சிலந்தி நூல் போல வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் பூசணம் பிடித்தது என்று அர்த்தம், தொடாதே. இதெல்லாம் போக, நீள லென்சுக்குப் பெரிய குறை ஒன்று உண்டு. அதன் வழியாகப் பார்க்கும்போது சாவித் துவாரத்தில் கண்ணை வைத்த மாதிரி, பார்க்கும் பொருளைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் இருக்காது. அந்தக் குறையைத்தான் நான் பெரிய வரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னுடையதும் பதினேழு அங்குலம்தான். இந்த மலையில் காப்பித் தோட்டம் போட்டு நொடித்துப்போன ஒரு வெள்ளைக்காரன் ஊருக்குக் கிளம்பும்போது, லென்சையும் அதற்கான காமிராவையும் என்னிடம் தள்ளிவிட்டுப் போனான். மேலே ஒரு தோல் கூண்டு இருக்கும், குனிந்து அதற்குள் முகத்தைப் புதைத்தால் கண்ணாடியில் உருவம் இடவலம் மாறித் தெரியும், நீயும் சின்ன வயதில் அதற்குள் தலையை விட்டு விளையாடியிருக்கிறாய். அது கைக்கு வந்த நாளிலிருந்து எனக்குக் கல்யாணப் படங்கள் கசந்துபோயின. கடையை உன் அம்மா தலையில் கட்டிவிட்டு, அடிவாரத்துக் காரவள்ளி வழியாக மலையேறிப் போய்விடுவேன். பலாப்பழம் பழுக்கும் காலத்தில் மலைமேல் திருப்புலி நாடு என்கிற பகுதியின் சோலைகளுக்குக் கரடி வரும். கரடி பழத்தைப் பிளந்து தின்னும்போது ஒரு படம் எடுத்துவிட்டால் பட்டணத்துப் பத்திரிகைகள் என் வாசலில் நிற்கும் என்று எனக்கு ஒரு கிறுக்கு. மூன்று கோடை போனது. கிடைத்ததெல்லாம் கரடியின் முதுகும், கரடி போன பிறகு கிடந்த பழத்தோலும்தான்.

அந்த மூன்று கோடையிலும் எனக்குத் துணையாக இருந்தவன் சடையன். திருப்புலி நாட்டில் சாமையும் கேழ்வரகும் போடும் குடியானவன், என்னைவிட நாலைந்து வயது இளையவன், ஆள் குள்ளம். கரடி எந்த மரத்துக்கு எந்த வேளைக்கு வரும் என்று அவனுக்குத் தெரியும். நான் பாறை மேல் காமிராவோடு இருப்பேன், அவன் கீழே மரத்துக்குக் கிட்டே போய்க் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, தடம் புதிதா பழையதா என்று பார்ப்பான். வாயைத் திறந்து கூப்பிட முடியாது, கரடிக்குக் காது கூர்மை. அதனால் ஒரு வெள்ளைத் துண்டை வைத்து ஏற்பாடு செய்துகொண்டோம். ஒரு தரம் வீசினால், எங்கே இருந்தாலும் கிட்டத்தில் உள்ள பெரிய மரத்தடிக்கு ஒதுங்கி நின்றுவிட வேண்டும். இரண்டு தரம் வீசினால் வரலாம். மேலே இருக்கும் எனக்குக் கரடி வருவது அவனுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும் அல்லவா, அதனால் அந்தத் துண்டுதான் அவனுக்கு உயிர்.

ஒரு முறை நான் ஒரு தரம் வீச, அவன் ஒதுங்கினான். கரடி போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு இரண்டாவது வீச்சுக்குக் காத்திராமல் அவனே வெளியே வந்துவிட்டான். புதருக்குள் இன்னொரு கரடி இருந்தது. தோளில் நகம் பட்டதோடு தப்பியது அவன் முன்னோர் செய்த புண்ணியம். காயத்துக்குப் பச்சிலை வைத்துக் கட்டிக்கொண்டே நான் அவனைத் திட்டிய திட்டை இப்போது நினைத்தாலும் வாய் கூசுகிறது. "இனிமேல் ரெண்டு வீச்சு பாக்காம அசையமாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்றேன். மாரியாயி மேல் ஆணையாகச் சத்தியம் செய்தான். "உங்க துண்டு அசைஞ்சாத்தானுங்க நான் அசைவேன்" என்று சிரித்தான். அந்தச் சத்தியத்தை மனதில் வைத்துக்கொள், இனி நான் சொல்லப் போவதெல்லாம் அதில் வந்து முட்டும்.

எருதாட்டத்தைப் பற்றி உனக்குத் தெரியும், ஆனால் அதற்குள்ளே இருக்கிற ஒரு கட்டுப்பாடு தெரியாது. தை மாதத்தில் மாட்டுக்கு நீளமான வடக்கயிறு கட்டிக் களத்தில் விடுவார்கள். ஒருவன் மாட்டின் முன்னால் போய் வெறியேற்றுவான். அவனுக்குத் துணையாக இன்னொருவன் கம்பளியோடு கிட்டவே நிற்பான். ஆடுகிறவன் விழுந்தால், துணையாள் அந்தக் கம்பளியை மாட்டின் கண்ணில் போட்டு இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். கோயிலில் இரண்டு பேரும் ஒரே கையிலிருந்து உப்பை நக்கிவிட்டுத்தான் களத்துக்குள் இறங்குவார்கள். உப்பு நக்கியவன் ஆட்டக்காரனை விட்டு விலகினால் அவனுக்கு ஊரே இல்லை. அந்த வருஷம் ஆடியவன் பொன்னன், ஒற்றைப் பிள்ளை, நல்ல உயரம், மாசியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். துணைக்கு உப்பு நக்கியவன் சடையன்.

நான் களத்திலிருந்து நூறு தப்படி தள்ளி ஒரு பாறை மேல் இருந்தேன். கரடிதான் கிடைக்கவில்லை, கொம்பும் மனிதனுமாக ஒரு படமாவது கிடைக்கட்டும் என்று வந்திருந்தேன். உச்சி வெயில், நல்ல வெளிச்சம். லென்சின் வாயை நன்றாகச் சுருக்கி வைத்தேன், முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒரே மாதிரி துலக்கமாக விழும் என்பதற்காக. அந்தத் துலக்கத்தில் எனக்குக் கர்வம். கூண்டுக்குள் முகத்தைப் புதைத்தேன். மாடு தெரிகிறது, பொன்னன் தெரிகிறான், ஆனால் சடையன் தன் கம்பளியோடு சரியாக என் பார்வைக்குக் குறுக்கே நிற்கிறான். அவன் நகர்ந்தால் படம், நகராவிட்டால் அவன் முதுகு. இரண்டு தரம் படம் பதியும் பிளேட்டை வீணாக்கினேன். மூன்றாம் தரம் எரிச்சல் தலைக்கேறி, கூண்டிலிருந்து கண்ணை எடுக்காமலே இடக்கையால் துண்டை எடுத்து ஒரு தரம் வீசினேன்.

சடையன் பார்த்துவிட்டான். துண்டு அசைந்தால் ஆபத்து என்று மட்டும்தான் அவனுக்குத் தெரியும். களத்தில் தனக்குத் தெரியாத எதையோ நான் மேலிருந்து பார்த்துவிட்டேன் என்று நினைத்திருப்பான். மாட்டைச் சுற்றிக்கொண்டு ஓடி, பின்னால் நாற்பது தப்படி தள்ளியிருந்த பலாமரத்தடிக்குப் போய் நின்றான். என் படச் சட்டத்துக்குள் இடம் துப்புரவாகக் காலியானது. வடத்தைப் பிடித்திருந்தவர்கள் கையில் அது வழுக்கியது எனக்குத் தெரியாது, அது சட்டத்துக்கு வெளியே. மாடு பாய்ந்தது. பொன்னனை வயிற்றில் குத்தித் தூக்கிக் கீழே போட்டு மறுபடியும் குனிந்தது. நான் எடுத்தேன். மூன்று மூச்சு நேரம் இருக்கும். அதற்குப் பிறகு சடையன் கம்பளியை விரித்துக்கொண்டு ஓடிவந்து மாட்டை இழுத்துப் போனான். பொன்னன் அன்று பொழுது சாய்வதற்குள் போய்விட்டான்.

உன் அம்மாதான் நெகட்டிவ்களுக்குப் பென்சில் போடுகிறவள் என்பது உனக்குத் தெரியும், ஊரில் இருந்த அத்தனை மணப்பெண்களின் அம்மைத் தழும்பும் அவள் பென்சில் முனையில் மறைந்தது. இந்த நெகட்டிவையும் அவள் கையில்தான் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள். "செத்துப்போனவனுக்குப் பக்கத்துல ஒருத்தன் நிக்கறானே, அவன் மாட்டையும் பாக்கல, ஆளையும் பாக்கல. யாரைப் பாக்கறான்?" என்று கேட்டாள். அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். அந்த நெகட்டிவை அவள் அதற்குப் பிறகு தொட்டதே இல்லை. சாகும் வரையில் அதைப் பற்றி என்னை மறுபடியும் கேட்கவும் இல்லை, அதுதான் எனக்குக் கிடைத்த தண்டனையிலேயே பெரிது.

படம் பட்டணத்துப் பத்திரிகையில் முழுப் பக்கத்துக்கு வந்தது. நான் புத்தி கெட்டவன், ஒரு பெரிய பிரதியைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு மலையேறினேன், பொன்னன் அப்பனுக்கு மகன் முகமாவது இருக்கட்டும் என்று. அங்கே சடையன் விஷயமாக ஏற்கனவே பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. உப்பு நக்கியவன் ஏன் தாமதித்தான் என்று கேட்டதற்கு, படக்காரர் துண்டு காட்டினார், பலாமரத்துக்கு ஒதுங்கினேன் என்று சொல்லியிருக்கிறான். களத்தில் எல்லோர் கண்ணும் மாட்டின் மேலேயே இருந்ததால் அவன் எங்கே நின்றான் என்று உறுதியாகச் சொல்ல ஆள் இல்லை. அந்த வேளையில் நான் படத்தோடு போய் நின்றேன். நாட்டுக்குத் தலைவரான பட்டக்காரர் அதை மடியில் வைத்துக்கொண்டு ஊரைக் கூட்டிவிட்டார்.

நீ அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன், கண்ணை மூடினாலே தெரியும். பொன்னன் தரையில் கிடக்கிறான், மாடு கொம்பைத் தாழ்த்தியிருக்கிறது, மாட்டின் பின்தொடையை ஒட்டி ஒருவன் தோளில் கம்பளியோடு சும்மா நிற்கிறான். கைநீட்டினால் மாட்டின் வாலைப் பிடிக்கலாம் போல இருக்கிறது. அவன் முகம் நேராக நம்மைப் பார்க்கிறது. கொஞ்சம் சிறியதாகத் தெரிகிறான், ஆனால் சடையனே குள்ளம், யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவன் கால் இருக்கும் இடத்தைப் புழுதி மறைத்துவிட்டது, பலாமரத்தின் தண்டு சட்டத்துக்கு வெளியே நின்றுவிட்டது.

"சடையா, எங்க நின்ன, சொல்லு" என்றார் பட்டக்காரர்.

"பலாமரத்துக்கிட்டங்க. படக்காரரு ஒருக்காத் துண்டு காட்டினாருங்க. ஒருக்காக் காட்டினா ஒதுங்கோணுமுங்க."

"பலாமரம் எங்க கெடக்குது, இவன் உளுந்த எடம் எங்க கெடக்குது? இதுல பாரு, மாட்டு வாலப் புடிக்கற தூரத்துல நிக்கற."

சடையன் படத்தைப் பார்த்தான். தன் உருவத்தை அவன் கண்டது அதுதான் முதல் தடவை. "அது எப்படீன்னு எனக்குத் தெரியலீங்க" என்றான்.

பொன்னன் அப்பன் எழுந்தார். "எம்மவன் கொடல் சரிஞ்சு கெடக்கறான், நீ படத்துக்கு மொகங் காட்டிக்கிட்டு நிக்கறயாடா?" என்று அடித்தொண்டையில் கேட்டார். அந்தக் குரல் இப்போதும் எனக்குள் இருக்கிறது. பிறகு பட்டக்காரர் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க படக்காரரே, நீங்க துண்டு காட்டினீங்களா?"

கண்ணு, நான் கீழ்நாட்டுக்காரன், அவர்கள் நடுவில் தனி ஆள். காட்டினேன் என்றால் பொன்னன் ரத்தம் என் தலையில் விழும். பத்திரிகையில் வந்த பேர் போகும். இதெல்லாம் சாக்குத்தான். உள்ளதைச் சொன்னால், பயந்தேன், அதைவிட அந்தப் படத்தை இழக்க மனசு வரவில்லை. "வேர்வை தொடச்சேன்" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், அந்தச் சோற்றை ஊர் முழுக்கத் தின்றது. சடையன் கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. என்னைப் பார்த்து, "அப்படீங்களா?" என்று மட்டும் கேட்டான். உண்மையாகவே கேட்டான், தெரிந்துகொள்ளக் கேட்பது போல.

அன்றைக்கே விலக்கிவிட்டார்கள். நெருப்புக் கொடுக்கக் கூடாது, ஊர்த் தண்ணீரில் குடம் வைக்கக் கூடாது, நல்லதுக்கு அழைக்கக் கூடாது, சாவுக்குத் தோள் கொடுக்கக் கூடாது. அவன் பெண்டாட்டி வெள்ளையம்மாளையும் கூட்டிக்கொண்டு பக்கத்துப் பைல் நாட்டு எல்லையில் ஓடைக்கு அப்பால் போய்க் குடிசை போட்டான். இரண்டு பிள்ளைகள் பிறந்து இறந்தன, புதைக்க ஒரு ஆள் வரவில்லை, அவனே குழி வெட்டினான். நான் அந்தப் படத்தைக் கடை வாசலில் மாட்டினேன். உன் பள்ளிக்கூடத்து நண்பர்களை அழைத்து வந்து, எங்கப்பா எடுத்தது என்று நீ காட்டுவாய். உன் அம்மா அந்த வேளையில் உள்ளே போய்விடுவாள், கவனித்திருக்கிறாயா?

போன புரட்டாசியில் அவன் குடிசைக்குப் போனேன். பதினாறு வருஷம் கழித்து. உன் அம்மா இருக்கும்போதே போயிருக்க வேண்டும், போகவில்லை. ஓடையைத் தாண்டும்போது கண் தெரியாமல் இரண்டு தரம் விழுந்தேன். வெள்ளையம்மாள் வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். "ஆருங்க?" என்றாள். ராசிபுரத்துப் படக்காரன் என்றேன். முறம் நின்றது. பிறகு, "ஊட்டுக்குள்ள படுத்திருக்கறாருங்க, போய்ப் பாருங்க" என்றாள்.

இருமலில் நெஞ்சு ஒட்டிப் போய்க் கிடந்தான். என் குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டான். சந்தோஷப்பட்டான் கண்ணு, அதை என்னால் தாங்க முடியவில்லை. தலைமாட்டிலிருந்த மூங்கில் குழாயை எடுத்து அதற்குள்ளிருந்து ஒரு தாளை உருவினான். எட்டாக மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழிந்த பத்திரிகைத் தாள். அந்தப் படம்.

"தெனமும் பாக்கறேனுங்க. நான் பலாமரத்துக்கிட்ட நின்னதாவேதான் ரொம்பக் காலம் நெனச்சுக்கிட்டு இருந்தேன். இதுல பாத்தா பக்கத்துலயே நிக்கறேன். பயத்துல புத்தி பெரண்டு போயிருக்கும் போலிருக்குங்க. கை நீட்டினா எட்டற தூரத்துல நின்னுக்கிட்டு, பொன்னன உட்டுட்டனுங்க."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். துண்டு காட்டியதை, வேர்வை என்று பொய் சொன்னதை, அவன் நின்றது பலாமரத்தடிதான் என்பதை, தூரத்திலிருந்து எடுத்தால் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒட்டிக்கொண்டு தெரியும் என்பதை. காலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவன் என் கையை எடுத்துவிட்டான். "பெரிய மனசுங்க உங்களுக்கு. சாகப் போறவனுக்கு ஆறுதலாச் சொல்றீங்க. படம் பொய் சொல்லுமுங்களா? நீங்க எடுத்த படந்தானுங்களே" என்றான்.

ஓடை வரை வெள்ளையம்மாள் கைபிடித்துக் கொண்டுவந்து விட்டாள். "நான் அன்னைக்கும் நம்பலீங்க, இன்னைக்கும் நம்பலீங்க. அவரே நம்பிட்டாரு. நான் என்னுங்க பண்ணட்டும்?" என்றாள். அங்கிருந்து நேரே பட்டக்காரரிடம் போனேன். பழையவர் இல்லை, அவர் மகன் இருக்கிறார், நிதானமான மனிதர். கேட்டுவிட்டு, "வாயில சொன்னா ஊரு கேக்காதுங்க. படத்தப் பாத்து வெலக்குனது. மறு படங் காட்டுங்க, ஊரக் கூட்டறேன். அப்புறம் உங்கள என்ன பண்றதுன்னும் அதே கூட்டத்துல பேசோணுமுங்க" என்றார். பேசுங்கள் என்றேன்.

இப்போது புரிகிறதா, உன் கடிதத்தை நான் ஏன் இரண்டு நாள் மடியில் வைத்திருந்தேன் என்று? என் லென்சு இந்த மலை ஈரத்தில் பூசணம் பிடித்துப் பால் கட்டிவிட்டது, என் கண் போலவே. காரவள்ளியிலிருந்து பார்த்தால் இரண்டு மலைகள் ஒட்டிக்கொண்டு நிற்கும், நடந்து பார்த்தால் நடுவே அரை நாள் பள்ளம் இருக்கும். என் படத்தில் நடந்தது அவ்வளவுதான். லென்சைக் குற்றம் சொல்லாதே, நான் நின்ற தூரம் இரண்டையும் ஒட்டியது, லென்சு அதைப் பெரிதாக்கி ஊர் மடியில் போட்டது. இனி எவன் எந்த லென்சை விற்க வந்தாலும், இதில் எவ்வளவு தூரம் தெரியும் என்று கேட்பதற்கு முன்னால், எவ்வளவு தூரம் மறையும் என்று உன்னையே கேட்டுக்கொள். கண்ணால் கண்டதும் பொய் என்று சும்மா சொல்லி வைக்கவில்லை.

பதினேழு அங்குலத்தை வாங்கிக்கொண்டு கார்த்திகை பிறப்பதற்குள் வா. அதற்கு மேல் சடையன் தாங்கமாட்டான். அவனைக் கட்டிலோடு அந்தப் பாறைக்குத் தூக்கி வர வேண்டும், ஊர் தோள் கொடுக்காது, நீ ஒரு பக்கம் பிடி, வெள்ளையம்மாள் ஒரு பக்கம் பிடிப்பாள், மீதிக்குப் பட்டக்காரரிடம் கெஞ்சிப் பார்க்கிறேன். பொன்னன் விழுந்த இடத்தில் நான் படுத்துக்கொள்கிறேன். பலாமரத்தடியில் வெள்ளையம்மாளை நிறுத்து, மரம் இன்னும் இருக்கிறது. பிளேட்டைப் போடுவதற்கு முன்னால் சடையன் முகத்தைக் கூண்டுக்குள் குனிய வை. எனக்குப் பக்கத்திலேயே அவள் நிற்பது அவனுக்குத் தெரியட்டும். பிறகு அவன் தலையைத் தூக்கி வெறுங்கண்ணால் பார்க்கட்டும். நடுவே நாற்பது தப்படி மண் கிடப்பதை அவன் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு பட்டக்காரர் பார்க்கட்டும், ஊர் பார்க்கட்டும். பாறையிலிருந்து ஒன்று, பக்கவாட்டில் போய்ச் சாதாரண லென்சில் ஒன்று, இரண்டு படம் எடுத்துக் கழுவி ஒரே தாளில் அச்சுப் போட்டு அவன் கையில் கொடு. மூங்கில் குழாயில் இருப்பதை நான் வாங்கிக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இதைச் சடையனிடமும் சொல்லவில்லை, சொல்ல வாய் வரவில்லை. ஊர் கூடும்போது சொல்வேன், அதற்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டும். உன் அம்மா கேட்டாளே, யாரைப் பார்க்கிறான் என்று. அவன் என்னைப் பார்த்தான். பொன்னன் கொம்பில் கிடந்த அந்த மூன்று மூச்சும், பலாமரத்தடியில் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு, துண்டு இரண்டு தரம் அசையுமா என்று பாறையையே பார்த்துக்கொண்டு நின்றான். அசையாது என்று கண்ட பிறகுதான் சத்தியத்தை மீறி ஓடிவந்தான். அது தற்செயலாகப் படத்தில் விழுந்தது என்று நீ நினைப்பாய். கூண்டுக்குள் எனக்கு அவன் முகம் நன்றாகத் தெரிந்தது. அவன் எதற்குக் காத்திருக்கிறான் என்றும் தெரிந்தது. துண்டு என் இடக்கையில்தான் இருந்தது, இரண்டு தரம் அசைத்தால் போதும். அசைத்தால் அவன் ஓடிவந்து குறுக்கே விழுவான், படம் கெட்டுவிடும். நான் வலக்கையால் பொத்தானை அழுத்தினேன்.

சீக்கிரம் வா சாமி.

அப்பா